தூரத்துப் பறவையும் மூன்று கிலோ கண்ணாடியும்

மார்கழி மாதத்துக் குளிர். பொழுது இப்போதுதான் விடிகிறது. வேடந்தாங்கல் ஏரியில் மஞ்சு படர்ந்திருக்கிறது. தண்ணீருக்கு நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கிளைக்குக் கிளை பறவைகள். நத்தைக்குத்தி நாரைகள் அலகைத் தட்டி ஓசை எழுப்புகின்றன. கூழைக்கடா ஒன்று கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. கரையில் ஒரே நிசப்தம். ஆனால் ஜனங்கள் இல்லாமல் இல்லை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முக்காலி; அதன்மேல் சிறு பீரங்கியைப் போல ஒரு குழாய். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, மற்றொன்று இலைகளின் வண்ணம் தீட்டிய உறை போட்டது.

"அப்பா, அது என்ன துப்பாக்கியா?" என்று ஒரு குழந்தை கேட்கிறது.

துப்பாக்கி அல்ல, டெலிபோட்டோ லென்ஸ். ஆனால் குழந்தையின் கேள்வியில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இதே ஏரியில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்கள் பக்கம் நின்று, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை அந்தக் குடியானவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். அன்று துப்பாக்கி போன இடத்துக்கு இன்று காமிரா வந்திருக்கிறது.

வந்த காமிராவோ சாமானியமான சாமான் அல்ல. அந்த வெள்ளைக் குழாயின் எடை மூன்று கிலோவுக்கு மேல். விலையோ பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அதை வாங்குவதா, அதில் ஐந்தில் ஒரு பங்கு விலையுள்ளதை வாங்குவதா, காமிராவுக்குப் பணம் போடுவதா, லென்ஸுக்குப் போடுவதா என்று தெரியாமல் திண்டாடுகிறவர்கள் அநேகம் பேர்.

அப்படித் திண்டாடும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மதுராந்தகத்துக்காரர்; தபால் இலாகாவில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. கையில் பணிக்கொடைப் பணம் கொஞ்சம் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே பறவைகள்மீது பிரியம். வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. அதைச் செப்பனிட வேண்டும் என்று மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்கோ அந்த வெள்ளைக் குழாய்மீதுதான் கண். இப்படிப்பட்ட ஒருவருக்கு என்ன யோசனை சொல்வது?

முதலில் எது?

சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன், அதாவது தங்கை பிள்ளை, இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"புதுசா வந்திருக்கிற காமிராவே நல்லதுன்னு சொல்றாங்களேடா. முதல்லே அதை வாங்கிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க மாமா. காமிரா மாடு மாதிரி, லென்ஸ் நிலம் மாதிரி. மாட்டை மாத்தலாம். நிலத்தைப் பார்த்துத்தான் வாங்கணும்."

மருமகன் சொல்வதில் உண்மை உண்டு. டிஜிட்டல் காமிராவின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோ. ஒரு படத்தில் பத்தாயிரம் புள்ளிகள்தான். அந்தப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. 1999-ஆம் ஆண்டில் நிக்கான் கம்பெனியின் டி-1 வந்தபோது புள்ளிகள் ஏறக்குறைய 27 லட்சம் ஆயின. பத்திரிகைப் போட்டோகிராபர்கள் அதை ஆச்சரியத்துடன் வாங்கினார்கள். 2017-இல் அதே கம்பெனியின் டி-850 வந்தது. அதில் நாலரைக் கோடிக்கும் மேல் புள்ளிகள்! டி-1 இன்று அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு.

ஆனால் அந்த நாளில் அந்தக் காமிராவோடு மாட்டிய நல்ல லென்ஸ் ஒன்று இருந்தால், அது இன்றும் படம் எடுக்கும். கண்ணாடிக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை. ஆகவே கையில் உள்ள பணத்தில் பெரும் பங்கு லென்ஸுக்கும், மிச்சம் காமிராவின் பாடிக்கும் என்பது பறவைப் படம் எடுப்பவர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு

எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும்? இதற்குக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். பறவையின் உயரத்தை லென்ஸின் குவிய நீளத்தால் பெருக்கி, அது இருக்கும் தூரத்தால் வகுத்தால், காமிராவுக்குள் விழும் பிம்பத்தின் அளவு கிடைத்துவிடும்.

சாம்பல் நாரையின் உயரம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். அது 60 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமான 50 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் முக்கால் மில்லிமீட்டர்தான். கடுகளவு கூட இல்லை. 300 மி.மீ. லென்ஸில் நாலரை மில்லிமீட்டர். 600 மி.மீ. லென்ஸில் ஒன்பது மில்லிமீட்டர். முழு அளவுக் காமிராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ளது. ஆகவே 600 மி.மீ. லென்ஸ் போட்டும், அந்த உயரமான நாரை படத்தின் பாதியைக்கூட நிரப்புவதில்லை!

ஏரிக்கரையில் நிற்பவர்கள் 400, 500, 600 என்று மேலே மேலே போவதற்குக் காரணம் இதுதான். மான், யானை போன்ற பெரிய பிராணிகளுக்கு 300 அல்லது 400 போதும். பறவை என்றால் 500-க்குக் குறைந்து ஆசை அடங்குவதில்லை.

கனம் எங்கிருந்து வருகிறது?

600 மி.மீ. நீளம் மட்டும் கனத்துக்குக் காரணம் அல்ல. லென்ஸின் மேல் f/4, f/6.3 என்று எழுதியிருப்பார்கள். குவிய நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் அகலம் தெரியும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ.; அதாவது ஆறு அங்குலம். 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ.; நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஆறு அங்குல அகலமுள்ள கண்ணாடி வில்லையை மாசு மறுவின்றிச் செய்து, பட்டை தீட்டி, அதைத் தாங்கும் குழாயையும் செய்ய வேண்டும். விலையும் எடையும் ஏறுவதில் ஆச்சரியம் என்ன?

அந்த அகலத்தினால் கிடைக்கும் பலன், வெளிச்சம். f/4 வாயில் f/6.3-ஐப் போல இரண்டரை மடங்கு ஒளி நுழைகிறது. பறக்கும் நாரையின் இறக்கை அசைவைப் படத்தில் நிறுத்த வேண்டுமானால், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் ஷட்டர் திறந்து மூட வேண்டும். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு ஒளி போதாது. அகல வாய் லென்ஸ்காரர் ஐ.எஸ்.ஓ. 1600-இல் எடுக்கும் படத்தை, குறுகிய வாய்க்காரர் 4000-இல் எடுக்க வேண்டும். படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். அந்தக் குறையைப் போக்கக் கம்ப்யூட்டரில் நல்ல உபாயங்கள் வந்துவிட்டன. ஆனாலும் வித்தியாசம் வித்தியாசந்தான்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கேனன் கம்பெனியின் 600 மி.மீ. f/4 லென்ஸையே எடுத்துக்கொள்ளலாம். 1999-இல் வந்ததன் எடை 5,360 கிராம். அடுத்த தலைமுறை 3,920 கிராம். 2018-இல் வந்த மூன்றாவது தலைமுறை 3,050 கிராம். கனமான வில்லைகளை முனையிலிருந்து விலக்கி, காமிராவின் பக்கமாகக் கொண்டுவந்து வைத்ததனால் எடை குறைந்தது மட்டுமல்ல, கையில் பிடிக்கும்போது முன்பக்கம் இழுப்பதும் குறைந்தது.

இன்னொரு யுக்தியும் உண்டு. கடற்கரைக் கலங்கரை விளக்கங்களில், பெரிய கண்ணாடிக் கட்டிக்குப் பதிலாக வளையம் வளையமாக வெட்டிய மெல்லிய கண்ணாடியைப் பயன்படுத்துவது உண்டு. பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி பிரெனலின் பெயரால் அதை அழைப்பார்கள். அந்த வழியைத் தழுவி நிக்கான் கம்பெனி 2018-இல் 500 மி.மீ. f/5.6 லென்ஸ் ஒன்றைச் செய்தது. எடை 1,460 கிராம்தான். நடந்து திரிந்து படம் எடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஒளியைச் சுற்றி வளையம் தோன்றுவது உண்டு. அதைத் தவிர்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஜூம் லென்ஸ்கள் இருக்கின்றன. சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் 150-600, நிக்கானின் 200-500, 180-600, சோனியின் 200-600 ஆகியவை இந்த வகை. எடை இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். பெரிய குழாயின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றுக்கு அதற்கும் குறைவு. பறவை திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஜூமைக் குறைத்துக்கொள்ளலாம். 600-ஐத் தவிர வேறு அறியாத லென்ஸ்காரர் அப்போது பறவையின் கண்ணையும் மூக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு திருப்தியடைய வேண்டியதுதான்!

ஒன்றரை மடங்கு என்ற மாயை

இனி பாடி விஷயம். கடையில் போய் நின்றால், "சின்ன சென்சார் காமிராவில் 600 லென்ஸ் 900 ஆகிவிடும்" என்று சொல்வார்கள். குமாஸ்தாவும் இதைக் கேட்டு மகிழ்ந்துபோவார். ஒன்றரை மடங்கு லாபம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் லென்ஸ் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. பெரிய ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சியைச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் இது. நடுவில் உள்ளது மட்டும் தெரிகிறது, ஓரம் மறைகிறது. நாரையின் பிம்பம் அதே ஒன்பது மில்லிமீட்டர்தான். உண்மையில் பார்க்க வேண்டியது, அந்த ஒன்பது மில்லிமீட்டருக்குள் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதே.

கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். 2016-இல் வந்த நிக்கான் டி-500 சின்ன சென்சார் காமிரா. அதில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 237 புள்ளிகள். பெரிய சென்சார் உள்ள டி-850-இல் 230. ஆக, நாரையின் உடம்பில் விழும் புள்ளிகள் இரண்டிலும் ஏறக்குறைய சமம். பெரிய சென்சாரில் சுற்றிலும் கொஞ்சம் வானமும் மரமும் கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாவிட்டால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் உள்ள சாதாரணப் பெரிய சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்கு 167-தான். அங்கே சின்ன சென்சாருக்கே வெற்றி. 2022-இல் வந்த கேனன் ஆர்-7 என்ற சின்ன சென்சார் காமிராவில் 312 வரை போகிறது. அதன் எடையும் 612 கிராம்தான்.

ஆகவே பணம் குறைவாக இருப்பவர் சின்ன சென்சார் பாடியை வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதே இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும். புள்ளிகள் நெருங்க நெருங்க ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. மங்கல் வெளிச்சத்தில் பெரிய சென்சாருக்கு அனுகூலம் அதிகம்.

கண்ணாடி போன காமிரா

முன்பெல்லாம் காமிராவுக்குள் ஒரு சிறு முகக் கண்ணாடி இருந்து, ஒவ்வொரு படத்துக்கும் 'டபக்' என்று எழும்பி இறங்கும். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தக் கண்ணாடி கிடையாது. சோனி கம்பெனி 2013-லேயே பெரிய சென்சாரில் இத்தகைய காமிராவைக் கொண்டுவந்தது. 2018-இல் கேனனும் நிக்கானும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

இதனால் பறவைப் படக்காரர்களுக்கு இரண்டு நன்மைகள். ஒன்று, காமிரா தானாகவே பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து அதன்மீது குவிந்துகொள்கிறது. பறவை திரும்பினாலும் எழும்பினாலும் அந்தக் குறி விலகுவதில்லை. முன்னாளில் பத்து வருஷப் பழக்கத்தில் வந்த கைத்திறனை யந்திரம் ஒரு நாளில் கொடுத்துவிடுகிறது. இரண்டு, சத்தமே இல்லாமல் படம் எடுக்கலாம். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பிரதிகூலமும் உண்டு. சத்தமில்லாத ஷட்டரில், சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படிக்கும் வேகம் குறைந்த காமிராக்களில், மேல் வரி படித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடும். படத்தில் மீன்கொத்தியின் இறக்கை வாழைப்பழம் போல வளைந்திருக்கும்! 2021-இல் வந்த நிக்கான் இசட்-9 போன்ற உயர்ந்த காமிராக்கள் அதிவேகமாகப் படிப்பதனால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. விலை குறைந்தவற்றில், பறக்கும் பறவைக்கு மட்டும் பழையபடி சத்தமுள்ள ஷட்டரை உபயோகிப்பது நல்லது. தவிர, இந்தக் காமிராக்கள் மின்சாரத்தைச் சீக்கிரம் குடித்துவிடும். சட்டைப் பையில் மாற்று பாட்டரி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

தோளைக் கேட்டுப் பார்க்கலாம்

"எல்லாம் சரிடா. கடைசியிலே அந்தப் பெரிய குழாய்தானே உசத்தி?" என்று மாமா கேட்பார்.

"உசத்திதான் மாமா. ஆனா உங்க தோளைக் கேட்டீங்களா?"

மூன்று கிலோ லென்ஸ், ஒரு கிலோ பாடி, மூன்று நாலு கிலோ முக்காலி, அதன் தலை, தோள்பை. எல்லாம் சேர்த்தால் எட்டு ஒன்பது கிலோ சுமை. முக்காலியில் அதை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துக் காத்திருப்பவருக்குச் சிரமமில்லை. நாலு பக்கமும் தடையின்றி ஆடித் திரும்பும் ஜிம்பல் தலை இருந்தால், அவ்வளவு கனமும் ஒரு விரலுக்கு அடங்கி நடக்கும். ஆனால் கரையோரமாக இரண்டு மைல் நடந்து போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றால், அறுபது வயதுக்காரரின் முதுகு மறுநாள் வேறு கதை சொல்லும்.

இதற்கு நல்ல வழி, வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் லென்ஸ்களை நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பத்து லட்சத்தைக் கொட்டுமுன் சில ஆயிரத்தில் உண்மை தெரிந்துவிடும். குமாஸ்தாவும் ஒரு சனி, ஞாயிறு அப்படி எடுத்துப் பார்க்கட்டும். முதல் அரை மணி நேரம் ஆனந்தமாக இருக்கும். பிறகு, தலைக்கு மேல் நத்தைக்குத்தி நாரைக் கூட்டம் பறக்கும்போது, முக்காலியிலிருந்து லென்ஸைக் கழற்றித் தூக்குவதற்குள் கூட்டம் ஏரியைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் இரண்டு கிலோ ஜூம் வைத்திருக்கும் கல்லூரிப் பையன் நாலு படம் எடுத்து முடித்திருப்பான்.

கனமான லென்ஸைக் கையாள்வதில் சில வழக்கங்கள் உண்டு. லென்ஸைக் காமிராவோடு மாட்டிய பிறகு, காமிராவைப் பிடித்துத் தூக்கக் கூடாது; லென்ஸின் அடியில் உள்ள பாதத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேரும் வளையத்துக்குச் சேதம். முக்காலி வாங்கப் பணமில்லையென்றால் ஒற்றைக் கால் போதும். அதுவும் இல்லையென்றால், பழைய கால்சட்டைத் துணியில் பை தைத்து, பயறோ அரிசியோ நிரப்பி, மோட்டார் ஜன்னல்மீதோ கைப்பிடிச் சுவர்மீதோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்க்கலாம். இந்தப் பயற்று மூட்டையை லட்சக்கணக்கில் பணம் போட்டவர்களும் விடுவதில்லை.

எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் ஜயிக்க முடியாத எதிரி ஒன்று உண்டு. அது நம் ஊர் வெயில். பத்து மணிக்கு மேல் தண்ணீரும் நிலமும் சூடேறிக் காற்று அலைபாய்கிறது. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவை கானல் நீரில் நிற்பது போல நெளியும். படம் தெளிவாக விழாது. "லென்ஸ் மோசம்" என்று பலர் கடைக்குத் திரும்ப ஓடுவது இதனால்தான். தப்பு லென்ஸின்மீது இல்லை, கடிகாரத்தின்மீது!

கை மாறி வரும் சாமான்

புதுக் காமிரா மோகத்தில் பலர் பழைய வகையை விற்றுவிடுகிறார்கள். இது சிக்கனக்காரர்களுக்கு யோகம். கேனனின் பழைய இ.எப். லென்ஸ்களை இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டுப் புதிய ஆர் வகைக் காமிராவில் மாட்டலாம். குவிதல் முதலியன தடையின்றி நடக்கும். நிக்கானின் எப்.டி.இசட். வளையமும் அப்படியே. ஆனால் அதில் ஒரு விஷயம்: லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் தானாகக் குவியும். மோட்டார் இல்லாத பழைய வகைகளைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வாங்கும்போது லென்ஸின் ஒரு முனையில் டார்ச் வெளிச்சத்தைக் காட்டி மறு முனையிலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் கண்ணாடிக்கு வரும் வியாதி அது. விலை எவ்வளவு குறைவானாலும் தொடக்கூடாது. உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். மோட்டார் பழுதாகி, பாகம் கிடைக்காமல் போனால், லட்ச ரூபாய்ச் சாமான் அம்மிக் குழவிதான். வாங்கிய பிறகும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது அவசியம். மாதக்கணக்கில் தோல் பையிலேயே மூடி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும்.

மாட்டுத் தோலும் 'சூப்பர் பாண்டரோஸா'வும்

இத்தனை சௌகரியங்களும் இல்லாத நாளில் பறவைப் படம் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்டன் என்ற சகோதரர்கள், காட்டில் எடுத்த போட்டோக்களையே கொண்டு 1895-இல் பறவைக் கூடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பறவைகள் மிரளாமல் இருக்க, மாட்டுத் தோலால் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள்! டெலிபோட்டோ லென்ஸ் அப்போதுதான் பிறந்திருந்தது. 1891-இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் வேறு இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதை உருவாக்கியிருந்தார்கள்.

நம் நாட்டிலும் உதாரணத்துக்குக் குறைவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். இயற்கை நூல் வல்லுநர். 1950 முதல் கடைசி நாள் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதியவர். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் கடையில் விற்ற காமிராவோடு திருப்தி அடையவில்லை. பல பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கனத்த காமிராவை அமைத்துக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாகத் திரிந்து அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. அவருடைய காமிரா பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தது அவர் கண்!

லென்ஸ் எதற்காக?

பெரிய லென்ஸ் வாங்குவதன் உண்மையான பயன் என்ன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தூரத்தில் நின்றுகொள்ள முடியும் என்பதுதான் அந்தப் பயன். பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் நடப்பது என்ன? பத்து லட்ச ரூபாய் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிட்டே" என்று கூட்டை நெருங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தாய்ப் பறவை மிரண்டு எழுந்தால், வெயிலில் முட்டை வேகும், குஞ்சு வாடும், காக்கையும் பருந்தும் அந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருக்கும். சிலர் பறவையின் குரலை டெலிபோனில் ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றி வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது பதறி ஓடி வருகிறது. அப்படி எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்து என்ன? 1798-இல் ஊராருக்கு எழுதிக் கொடுத்த வாக்குக்கு அது துரோகமல்லவா?

ஆகவே சாமானைத் தேர்ந்தெடுக்க நாலு கேள்விகள் போதும். எந்தப் பிராணியை, எவ்வளவு தூரத்தில் எடுக்கப்போகிறோம்? அந்த இடத்தில் எந்த வேளை வெளிச்சம்? சாமானைச் சுமந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அந்தப் பணம் இல்லாவிட்டால் வீட்டில் எந்தக் காரியம் நின்றுபோகும்? இந்த நாலுக்கும் மனமறிந்து பதில் சொல்பவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

குமாஸ்தாவின் விஷயத்தில் பதில் இப்படித்தான் முடியும். கை மாறிய சின்ன சென்சார் பாடி ஒன்று. இரண்டு கிலோ ஜூம் லென்ஸ் ஒன்று. ஒற்றைக் கால் ஒன்று. மனைவி பழைய துணியில் தைத்துக் கொடுத்த பயற்று மூட்டை ஒன்று. மிச்சப் பணத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரையையும் செப்பனிட்டுவிடலாம்.

"அந்த வெள்ளைக் குழாய் இல்லாம போச்சேன்னு வருத்தமா மாமா?"

"வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். வருஷத்திலே ஒரு தடவை வாடகைக்கு எடுத்துக்கறேன். பொங்கலுக்குப் பொங்கல்!"

தை மாதத்துக் காலையில் ஏரிக்கரைச் சுவர்மீது மூட்டையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து, அவர் காத்திருப்பார். அறுபது மீட்டருக்கு அப்பால் சாம்பல் நாரை கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும். ஜோடி அதை வாங்கிப் பின்னும். காமிராவில் சத்தம் இராது. மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது நாரைக்குத் தெரியவே தெரியாது. அந்தப் படத்தைப் பெரிய குழாயால் எடுத்தாரா, சின்னக் குழாயால் எடுத்தாரா என்று நாளைக்கு யாரும் கேட்கப்போவதில்லை. கூடு கலையாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி.